மீசை வைத்த சின்னப்பாப்பா

அரசப்பன் கலைக்கூடம் ஒரு கதையை விலைக்கு வாங்கினால் அதைப் படிப்பதில்லை. படித்தால் பிடித்துப் போய்விடும், பிடித்துப் போனால் மாற்ற மனசு வராது என்பது முதலாளி அரசப்பனின் கொள்கை. இருபத்திரண்டு ஆண்டுகளில் பதினெட்டுப் படம் எடுத்தவர். பதினெட்டிலும் அவர் கொள்கை நன்றாகத் தெரியும்.

மேரிசெல்விக்கு இது தெரியாது. அவள் மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். அந்த மெஷின் கிழடு. முதல் காப்பி எப்போதும் கறுப்பாக வரும். அதனால் யார் எதைக் கொண்டுவந்தாலும் இரண்டாக எடுப்பது அவள் பழக்கம். கறுப்புக் காப்பியின் முதுகில் கூட்டம் இல்லாத நேரங்களில் படம் வரைவாள். அப்படி வரைந்ததுதான் சின்னப்பாப்பா சித்திரக்கதை. புதுச்சேரியில் ஜான்சன் என்பவர் நடத்திய 'நீலச்சிப்பி' மாத இதழில் 2005 பிப்ரவரியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

சின்னப்பாப்பா கற்பனை அல்ல. நாற்பத்தாறு வயது. உப்பளத்தில் பதினோரு பெண்கள் கொண்ட செட்டுக்குத் தலைவி. நல்ல கறுப்பு, நல்ல உயரம். குதிகாலில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. பாத்தித் தண்ணீரை ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் உப்பு விளைய இன்னும் எத்தனை நாள் என்று சொல்லிவிடுவாள். காற்று திரும்புவதை வைத்து மழையை முன்கூட்டியே சொல்லுவாள்.

2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் எக்கியார்குப்பத்துக்கு மீன் வாங்கப் போயிருந்தாள். கையில் கிடைத்த துடுப்பை நீட்டி ஐந்து பிள்ளைகளை இழுத்துப் போட்டாள். மூன்றாம் நாள் ஒரு பத்திரிகையில் 'இளைஞரின் துணிச்சல்' என்று செய்தி வந்தது. ஐந்து பிள்ளைகளையும் காப்பாற்றியதாக ஒரு பையனின் படம் போட்டிருந்தார்கள். பையனின் சட்டையில் இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை. சின்னப்பாப்பாவும் அதே படத்தில் இருந்தாள், பின்னால், போர்வை போர்த்திக்கொண்டு. 'மீட்கப்பட்ட பெண்' என்று கீழே எழுதியிருந்தது.

மேரிசெல்விக்கு வந்த கோபத்தில்தான் சித்திரக்கதை பிறந்தது. சின்னப்பாப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"என் பேரப் போடு, மூஞ்சப் போடு, இன்னா வேணா பண்ணு. என்னிய எவனாவது காப்பாத்துற மாதிரி மட்டும் போட்டுடாதடி மேரி."

மேரிசெல்வி சத்தியம் செய்துகொடுத்தாள். துடுப்பை மட்டும் உப்பு வாருகிற பலகையாக மாற்றி வரைந்தாள். நீளக் கம்பில் செருகிய அந்தப் பலகை படத்துக்கு எடுப்பாக இருந்தது. சின்னப்பாப்பா முகத்தைச் சுளித்தாலும் விட்டுவிட்டாள்.

ஜூன் மாதம் அரசப்பனின் கார் ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றது. "உங்க சின்னப்பாப்பாவ தமிழ்நாடு பூரா காட்டப்போறோம் சிஸ்டர்," என்றார். தமிழ்நாடு பூரா உண்மை தெரியட்டும் என்று மேரிசெல்வி கையெழுத்துப் போட்டாள்.

கதை விவாதம் பொம்மையார்பாளையத்தில், கடலைப் பார்த்த ஒரு விடுதியில் நடந்தது. ஏழு பேர் இருந்தார்கள். முதலாளி அரசப்பன், இயக்குநர் சிவப்பிரகாசம், அவருடைய உதவியாளர்கள் நாலு பேர், பெண் பாத்திர ஆலோசகர் தேசப்பன். தேசப்பனுக்கு மூன்று தங்கைகள் இருந்ததால் அந்தப் பதவி. தங்கைகளை அவர் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

மேசை நடுவில் தடித்த நோட்டு ஒன்று இருந்தது. அட்டையில் 'மாற்றப் பதிவேடு' என்று எழுதி, குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள். முந்தைய படத்தில் ஒரு மாற்றத்தைக் கண்டுபிடித்தது யார் என்று இரண்டு உதவியாளர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டதால் முதலாளி கொண்டுவந்த ஏற்பாடு அது. மூலத்தில் இருந்தது, இனி இருப்பது, மாற்றியவர் என்று கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் 'மூலக்கதையாசிரியர் கண்டார்'. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஏழு பேர் கையெழுத்து. மாற்றம் பதிவாகும்போதெல்லாம் எல்லாரும் கை தட்டினார்கள், ஒருவர் பாதாம் பால் கொண்டுவந்தார்.

"கண்டார்னா ஒத்துக்கினாருன்னு அர்த்தமா சார்?" என்று மேரிசெல்வி கேட்டாள்.

"சேச்சே. பாத்தீங்க, அவ்ளோதான்," என்றார் முதலாளி.

"ஒத்துக்கலன்னா எங்க எழுதுறது?"

ஏழு பேரும் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அப்படி ஒரு கட்டம் இல்லை.

முதல் நாள் வயது போனது. நாற்பத்தாறு பத்தொன்பதாயிற்று. அடுத்து நிறம். மேரிசெல்வி தயக்கத்தோடு, வெயிலில் நிற்கிறவர்கள் கறுத்துத்தான் போவார்கள் என்றாள். தேசப்பன் பொறுமையாக விளக்கினார்.

"சிஸ்டர், நான் பெண்களப் பத்தியே சிந்திக்கிறவன். உப்பு என்னா நிறம்? வெள்ள. நாள் பூரா வெள்ளைக்குள்ளயே நிக்கிறவ எப்படிங்க கறுப்பா இருப்பா? லாஜிக் இடிக்குதே."

கை தட்டினார்கள். பாதாம் பால் வந்தது. வெள்ளையான ஒரு பெண்ணைக் கொண்டுவர அன்று மாலையே மும்பைக்கு ஆள் போனது.

இரண்டாம் நாள் சிவப்பிரகாசம் ஒரு சாதாரணக் கேள்வி கேட்டார். "இதுல ஹீரோ யாரும்மா?"

"ஹீரோ இல்லீங்க சார்."

ஓர் உதவியாளர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். முதலாளி தண்ணீர் குடித்தார். வீட்டில் சாவு விழுந்ததைச் சொன்னால்கூட இத்தனை மரியாதையாகக் கேட்டிருக்க மாட்டார்கள்.

"அப்ப அந்தப் பொண்ண யாரு பாத்துக்கிறது?" என்றார் சிவப்பிரகாசம், உண்மையான கவலையோடு.

"அவளே பாத்துக்குவா சார்."

"பாவம்," என்றார் தேசப்பன். கண் கலங்கினார்.

பாவப்பட்டவளுக்கு உதவியாகச் சென்னையிலிருந்து ஒரு கதாநாயகனை வரவழைத்தார்கள். உப்பைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வருகிறவன், பெயர் விக்ரமாதித்தன், அடர்ந்த மீசை. அவன் வந்துவிட்டானே தவிர அவனுக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. எல்லா வேலையையும் சின்னப்பாப்பாவே செய்துகொண்டிருந்தாள். ஆகவே அவளிடமிருந்து எடுத்து அவனுக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

நாக்கில் தண்ணீரை வைத்துப் பார்ப்பது முதலில் போனது. "பொண்ணு கீழ கெடக்குற தண்ணிய வாயில வெச்சா ஃபேமிலி ஆடியன்ஸ் மூஞ்சி சுளிக்கும். அதையே அவரு வெச்சா மாஸ்," என்றார் சிவப்பிரகாசம். மழையை முன்கூட்டிச் சொல்வதும் அவனுக்குப் போனது. பலகையும் போனது. பலகை இருந்த கையில் அவளுக்கு ஓர் ஆட்டுக்குட்டி கொடுத்தார்கள். 'அளத்துல கால வெச்சா ஆம்பள பொம்பள கெடையாது, உப்புதான்' என்று ஐந்தாம் இதழில் சின்னப்பாப்பா சொல்லுகிற வரியும் விக்ரமாதித்தனுக்கே. செட்டிலிருந்த பதினோரு பெண்கள் பதினோரு தோழிகளாகி நடனம் கற்கப் போனார்கள். கால் வெடிப்பு போய்க் கொலுசு வந்தது. கடைசியில் சின்னப்பாப்பா என்ற பெயர்தான் மிச்சம் இருந்தது. வாயில் நுழையவில்லை என்று மும்பையிலிருந்து தகவல் வந்ததும் அதுவும் ஸ்வப்னா ஆயிற்று.

ஐம்பத்தாறு மாற்றங்கள். ஐம்பத்தாறு முறை மேரிசெல்வி கண்டாள்.

ஐம்பத்தேழாவது, கடல் வருகிற காட்சி. அதில் கையெழுத்துப் போடும்போது அவள் கை நின்றது. ஸ்வப்னா ஆட்டுக்குட்டியைத் தேடி ஓடி அலையில் மயங்குகிறாள். விக்ரமாதித்தன் பலகையை நீட்டி ஐந்து பிள்ளைகளை இழுக்கிறான், பிறகு ஸ்வப்னாவைத் தூக்கிக்கொண்டு நடக்கிறான்.

"சார், இது மட்டும் வேணாம் சார். நான் சத்தியம் பண்ணியிருக்கேன். அந்த அக்காவ யாரும் காப்பாத்துற மாதிரி காட்ட மாட்டேன்னு."

சிவப்பிரகாசம் நாற்காலியை அவள் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க தப்பா புரிஞ்சிக்கினீங்கம்மா. பெண்மைக்கு மரியாதை குடுக்கத்தான் நாங்க இந்தப் படமே எடுக்குறோம். உங்க கதையில அந்தம்மா சேத்துல நிக்குது, வேர்த்து வழியுது, அதுவே எல்லாத்தையும் செய்யுது. ஒரு பொம்பளய இப்படியா கஷ்டப்படுத்துறது? நாங்க அதுக்கு ஒரு வேலையும் வெக்கல. கண்ண மூடிக்கினு படுத்திருந்தா போதும். இதவிட மரியாத என்னம்மா வேணும்?"

தேசப்பன் தலையாட்டினார். "என் தங்கச்சிங்களயும் நான் அப்படித்தான் வெச்சிருந்தேன்."

மேரிசெல்வி கண்டாள். கண்டார் என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பஸ்ஸில் மரக்காணம் வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள். விடுதியில் ஜெராக்ஸ் மெஷின் இல்லாததால், சென்னை அலுவலகத்துக்கு நகல் அனுப்பப் பதிவேட்டை அவளிடமே கொடுத்தனுப்பியிருந்தார்கள். அழுதபடியே கடையைத் திறந்து, பழக்கதோஷத்தில் இரண்டு காப்பி எடுத்து, நல்லதை அனுப்பினாள்.

ஆகஸ்டில் படப்பிடிப்பு. ஓர் உப்பளத்தை வாடகைக்கு எடுத்தார்கள். உப்பு விளைந்து அம்பாரம் அம்பாரமாகக் குவிந்திருக்கும் காலம். ஆனால் நிஜ உப்பில் லேசாக மண் நிறம் இருந்தது. "இது உப்பு மாதிரியே இல்லயே," என்று சிவப்பிரகாசம் வருத்தப்பட்டார். அதை ஓரமாக அள்ளிவிட்டுத் தெர்மாகோலில் நாற்பது அம்பாரம் செய்தார்கள். காற்றில் பறக்காமலிருக்க உள்ளே கல் வைத்தார்கள்.

அன்று எடுத்தது மழைப்பாட்டு. உப்பளத்தில் மழை பெய்கிறது, ஸ்வப்னா சந்தோஷத்தில் ஆடுகிறாள். உப்பளத்தில் மழையைக் கண்டு சந்தோஷப்படுகிற மனுஷி மரக்காணம் முதல் கீழ்புத்துப்பட்டு வரைக்கும் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. விளைந்தது கரைந்தால் மறுபடி விளையும்வரை அடுப்பு எரியாது. மேரிசெல்வி இதைச் சொல்லப் போனாள். அவள் உட்கார வேண்டிய நாற்காலி எங்கேயிருக்கிறது என்று காட்டினார்கள்.

நாலு டேங்கர் லாரிகளில் நல்ல தண்ணீர் வந்திருந்தது. உச்சி வெயிலில், மேகம் ஒரு துண்டும் இல்லாத வானத்தின் கீழ், குழாய்கள் திறந்தன.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மழைச் சத்தம் கேட்டால் யாருடைய அளம் என்று யாரும் கேட்பதில்லை. இருக்கிற வேலையைப் போட்டுவிட்டுக் கையில் கிடைத்த தென்னங்கீற்றைத் தூக்கிக்கொண்டு ஓடி, எந்த அம்பாரம் முதலில் வருகிறதோ அதை மூடவேண்டும். கேட்டுக்கொண்டு நின்றால் உப்பு நிற்காது.

பக்கத்து அளத்தில் வேலை முடித்துக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த சின்னப்பாப்பாவின் செட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டது. வானத்தைப் பார்க்கவில்லை. பார்க்கிற வழக்கம் இல்லை. பன்னிரண்டு பேரும் கீற்றோடு வந்து, கொலுசு, ஆட்டுக்குட்டி, பதினோரு தோழிகள் எல்லாவற்றுக்கும் நடுவே புகுந்து, அரை நிமிஷத்தில் பன்னிரண்டு தெர்மாகோல் அம்பாரங்களை மூடிவிட்டார்கள்.

"கட்! கட்! யாருய்யா இதுங்கள உள்ள விட்டது?"

சின்னப்பாப்பா அதைக் கவனிக்கவில்லை. லாரித் தண்ணீர் வரப்பைத் தாண்டிப் பக்கத்து அளத்துக்குள் ஓடுவதை அவள் பார்த்துவிட்டாள். விரலை வைத்து நாக்கில் தொட்டாள். முகம் மாறியது. நேராகப் போய் ஒவ்வொரு லாரியாக ஏறி நாலு குழாயையும் இறுக்கி மூடினாள். ஏறி வந்து தடுத்த ஆளைத் தோளில் கை வைத்து நகர்த்தினாள். பிறகு வேறு எதுவும் கிடைக்காததால், விக்ரமாதித்தனாக நடிக்கிறவர் கையிலிருந்த பலகையை வாங்கி, சேற்றை இழுத்து வரப்பை அடைத்தாள். பதினோரு பெண்களும் கையால் மண் அள்ளிக் கொடுத்தார்கள். பத்து நிமிஷ வேலை. பக்கத்து அளம் தப்பியது.

மேரிசெல்வி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மூன்றாம் இதழில் அவள் வரைந்திருந்த பதினாறு பக்கமும் அப்படியே நடந்து முடிந்திருந்தது.

சின்னப்பாப்பா பலகையைத் திருப்பிக் கொடுத்தாள். "ஏம்பா, பகல் வெயில்ல உப்பு மேல தண்ணி ஊத்துறியே, உனக்கு ஆத்தா அப்பன் யாரும் சொல்லித் தர்லயா?"

சிவப்பிரகாசம் தன் உதவியாளர்களைப் பார்த்து நொந்துபோய்ச் சொன்னார். "இதுக்குத்தான்டா நான் படிச்சிப் படிச்சி சொன்னேன், லோக்கல் பொம்பளைங்கள கிட்ட சேக்காதீங்கன்னு. உப்பளத்துப் பொண்ணுன்னா எப்படி இருப்பான்னு இதுங்களுக்கு ஒரு ஐடியாவே இல்ல. ரெண்டு மாசமா ஆராய்ச்சி பண்ணவனுக்குத்தான் தெரியும்."

தேசப்பன் சின்னப்பாப்பாவை மேலும் கீழும் பார்த்தார். "பெண்மையே இல்ல," என்று குறித்துக்கொண்டார்.

படம் தை மாதம் வந்தது. மேரிசெல்வி எவ்வளவோ தடுத்தும் சின்னப்பாப்பா தன் செட்டு முழுவதையும் திரட்டிக்கொண்டு திண்டிவனத்துக்குக் கிளம்பிவிட்டாள். பதினோரு பேரும் தலை நிறையப் பூ வைத்திருந்தார்கள். கொட்டகையில் மேரிசெல்வி அவள் பக்கத்தில், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

ஸ்வப்னா ஆட்டுக்குட்டியோடு வந்தாள். சிரித்தாள். கல் தடுக்கியது, விழுந்தாள். பயந்தாள். பாடினாள். இடைவேளை வரைக்கும் ஏழு முறை விழுந்தாள்.

"ஏன்டி மேரி, இதுல நான் யாரு?"

மேரிசெல்வி தலையைக் குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள்.

இடைவேளை முடிந்து படம் ஓடியது. விக்ரமாதித்தன் குனிந்து தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். கொட்டகை விசிலடித்தது. மழை வருகிறது என்றான். வந்தது. பலகையைச் சுழற்றினான். கடல் வந்தபோது பலகையை நீட்டி ஒவ்வொரு பிள்ளையாக இழுத்துப் போட்டான். ஒன்று, இரண்டு, மூன்று என்று கொட்டகையே எண்ணியது. ஐந்தாவது பிள்ளைக்குக் காகிதம் கிழித்துத் தூவினார்கள்.

சின்னப்பாப்பா மெதுவாக மேரிசெல்வியின் கையைப் பிடித்தாள். அவள் உள்ளங்கை கரடுமுரடாக, சூடாக இருந்தது.

"தெரிஞ்சிட்சி," என்றாள். "அதோ, மீச வெச்சிகினு நிக்கிறான் பாரு. அவன்தான்டி நானு."

அவள் சிரிக்கவில்லை. பதினோரு பெண்களும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். விக்ரமாதித்தன் மயங்கிய ஸ்வப்னாவைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது, "பாவம், நான் எதுக்கு இந்தப் பொண்ணத் தூக்கிகினு போறேன்? நடக்க விட்டா அதுவே நடக்கும்," என்றாள்.

ஒரு மாதம் கழித்து ஜெராக்ஸ் கடைக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. நீரைச் சுவைத்து அறிதல், மழையை முன்னறிதல், பலகை ஏந்துதல் ஆகியவை தமது திரைப்படத்தின் கதாநாயகனுக்கே உரிய தனிச்சிறப்புகள் என்றும், அவற்றை நடுவயதுப் பெண் ஒருத்திக்குச் சூட்டி, தமது கதாநாயகனுக்குச் சேலை கட்டிவிட்டதுபோல 'நீலச்சிப்பி'யில் தொடர்ந்து வரைந்து வருவதால் ரசிகர்களின் மனம் புண்பட்டுள்ளது என்றும், பதினைந்து நாளில் நிறுத்தாவிட்டால் வழக்கு என்றும் அதில் எழுதியிருந்தது. ஜான்சன் பயந்துபோய் போன் செய்தார். "மேரி, கோர்ட்டு கேஸுன்னா என்னால தாங்க முடியாது. இந்த மாசத்தோட நிறுத்திடலாமா?"

நிறுத்தினால் இந்த உலகத்தில் அந்த ஐந்து பிள்ளைகளைக் காப்பாற்றியவர்கள் இரண்டு ஆண்கள் மட்டும்தான். ஒருவன் இஸ்திரிச் சட்டைக்காரன், மற்றவன் மீசைக்காரன்.

மேரிசெல்வி நோட்டீஸை எடுத்துக்கொண்டு அளத்துக்கு ஓடி, வரப்பில் நின்று படித்துக் காட்டினாள். சின்னப்பாப்பா பாத்தியிலிருந்து ஏறாமலே கேட்டாள்.

"நான் அவன் மாதிரி இருக்கேன்னா சொல்றான்?"

"ஆமாக்கா."

"அப்ப அவன வரச் சொல்லு. விடியக்காலமே நாலு மணியிலேருந்து பத்து மணி வரைக்கும் இந்தப் பாத்தியில வெறுங்கால்ல நிக்கச் சொல்லு. நின்னுட்டான்னா, நான்தான் அவனப் பாத்து காப்பியடிச்சேன்னு கைநாட்டு வெச்சிக் குடுக்குறேன்."

காப்பி என்றதும்தான் மேரிசெல்விக்கு ஞாபகம் வந்தது. கடைக்குத் திரும்பி அலமாரியின் அடியைக் குடைந்தாள். கறுப்பாக வந்த பதிவேட்டுக் காப்பி, முதுகில் இரண்டு சின்னப்பாப்பாக்களோடு அப்படியே கிடந்தது. கறுப்புதான், ஆனாலும் படிக்க முடிந்தது. மூலத்தில் இருந்தது: சின்னப்பாப்பா நீரைச் சுவைத்தல். இனி இருப்பது: கதாநாயகன் நீரைச் சுவைத்தல். மாற்றியவர்: சிவப்பிரகாசம். மூலத்தில் இருந்தது: சின்னப்பாப்பா பலகை ஏந்துதல். இனி இருப்பது: கதாநாயகன் பலகை ஏந்துதல். மாற்றியவர்: தேசப்பன். பக்கத்துக்குப் பக்கம் ஏழு கையெழுத்து. எதை எங்கிருந்து எடுத்தோம், யார் எடுத்தோம் என்று இத்தனை பெருமையோடு எழுதி வைத்தவர்கள் உலகத்தில் வேறு யாரும் இருக்க முடியாது.

எல்லாப் பக்கத்தையும் நகலெடுத்து, சின்னப்பாப்பா சொன்னதைச் சொன்னபடியே ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, பதிவுத் தபாலில் வக்கீலுக்கு அனுப்பினாள். பதினைந்து நாள் ஆயிற்று, முப்பது நாள் ஆயிற்று. வழக்கும் வரவில்லை, வெறுங்காலோடு யாரும் வரவுமில்லை. முதலாளி அரசப்பன் சிவப்பிரகாசத்தையும் தேசப்பனையும் வைத்து அடுத்த படத்தைத் தொடங்கிவிட்டதாகவும், இந்த முறை பதிவேடு வேண்டாமென்று சொல்லிவிட்டதாகவும் கேள்வி.

ஜான்சனுக்குத் தைரியம் வந்து அடுத்த இதழுக்கு அட்டைப்படம் கேட்டார். மேரிசெல்வி மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தாள். கையில் பலகையோடு, வரப்பின்மேல், முழு உயரத்துக்குச் சின்னப்பாப்பா. கீழே ஒரு வரி: 'இந்தக் கதையில் இவளை யாரும் காப்பாற்றமாட்டார்கள்.' அச்சுக்கு அனுப்புமுன் அளத்துக்கு எடுத்துப் போய்க் காட்டினாள்.

சின்னப்பாப்பா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். முகத்தைப் பார்த்தாள். வரியைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு தாளைக் கண்ணருகே கொண்டுபோய்க் காலை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"வெடிப்பக் கொறச்சிட்ட."

"இல்லக்கா, அச்சுல அசிங்கமாத் தெரியும்னு..."

சொல்லி முடிப்பதற்குள் மேரிசெல்விக்கு உடம்பு கூசிப்போய்விட்டது. பாதாம் பாலின் வாசனை மூக்கில் வந்ததுபோல் இருந்தது.

"அன்னிக்கு துடுப்ப மாத்துன, சரின்னு விட்டேன்," என்றாள் சின்னப்பாப்பா, தாளைத் திருப்பிக் கொடுத்தபடி. "காலயாவது உட்டு வைடி."

மேரிசெல்வி அங்கேயே வரப்பில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள். சின்னப்பாப்பா சேற்றுக் காலைத் தூக்கி அவள் முன்னால் வைத்தாள். மேரிசெல்வி அதைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு வெடிப்பாக வரைந்து முடித்தாள்.